திருகோணமலை: ஊர் காட்டும் முறை

வேற்றூரிலே தங்கிக் கல்வி கற்கும் பிள்ளையைக் காணப் பெற்றோரும் உற்றோரும் வருவது தமிழ்க் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். பலகாரப் பெட்டியுடன் வந்திறங்கும் அவர்களை நலம் விசாரித்தபின், ஊரைச் சுற்றிக் காட்டும் கடமை அப்பிள்ளையைச் சேருகிறது. இலண்டனிற் படிப்பவருக்கும் சென்னையிற் படிப்பவருக்கும் இக்கடமை ஒன்றே. அன்றொருநாள் அம்மாணவரே வரலாற்றாசிரியராகிறார். அவர் சொல்லும் செய்தியைத் தாயும் தந்தையும் உண்மையென்று நம்பி ஊருக்கு எடுத்துச் சென்று, அயலாருக்கும் உரைப்பர். ஆதலின் ஊர் காட்டுவது சிறு காரியமன்று.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். இங்கே கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் முதலாய பல திசைகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். அவர்களைப் பார்க்க வருவோர்க்குக் காட்டப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன: காலையிற் கோணேசர் தரிசனம், பின்பு கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மாலையில் நிலாவெளிக் கடற்கரை. துறைமுகம் வழியிலே கண்ணிற்பட்டால் உண்டு, இன்றேல் இல்லை. இவ்வரிசையைச் சற்று மாற்றித் துறைமுகத்தை முதலிற் காட்டுவதே பொருத்தம். கோட்டை எழுந்ததற்கும், கோயில் இடிந்ததற்கும், இவ்வூரின் பெயர் ஐரோப்பியப் படங்களில் ஏறியதற்கும் அந்நீர்ப்பரப்பே காரணம்.

கடற்படைத் தளத்துள் அனுமதியின்றிச் செல்ல இயலாது. ஆயினும் உள்துறைமுகக் கரையில் நின்று பார்த்தாலே போதும். நாற்புறமும் குன்றுகள் காவலிருக்க, ஆழமான நீர் அசைவின்றிக் கிடக்கும். இதன் அருமையை அறியக் காற்றின் போக்கை அறிதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலைக் கலக்கும். பாய்மரக் காலத்தில், சோழமண்டலக் கரையில் அக்காற்றுக்கு ஒதுங்கப் பெருங்கப்பல்களுக்குத் தக்க துறை இருக்கவில்லை. சென்னை அக்காலத்தில் திறந்த கடலை நோக்கிய வெறுங்கரை. மழைக்காலம் நெருங்கியதும் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் சென்னைக் கரையை விட்டு, இந்தியாவைச் சுற்றிப் பம்பாய்க்குச் செல்ல வேண்டியிருந்தது. எக்காலத்தும் புகலிடமளித்த திருகோணமலையை வைத்திருப்பவனே வங்கக் கடலை ஆள்பவனாயினான்.

இதனாலேயே இத்துறை கைமாறிக்கொண்டிருந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து 1639 இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். 1672 இற் பிரான்சியர் வந்து சில காலம் தங்கி, வெளியேற்றப்பட்டனர். 1782 ஆம் ஆண்டின் கதை இன்னும் வியப்பானது. சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். ஆகஸ்டு முடிவிற் பிரான்சியத் தளபதி சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3 ஆம் நாள் துறைக்கு வெளியே சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூசும் பொருதனர். வெற்றி எவர்க்கும் உறுதியாகவில்லை. ஆனால் துறையை இழந்த ஹியூஸ், மழைக்காலம் வந்ததும் பம்பாய்க்கே செல்ல நேர்ந்தது. சமாதானத்தின்பின் துறை மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795 இல் ஆங்கிலேயர் அதனை மறுபடியும் கைப்பற்றினர். 1802 இல் அமியன்ஸ் உடன்படிக்கையால் இலங்கையின் ஒல்லாந்தப் பகுதிகள் யாவும் அவர்க்கு உரியவாயின. இக்கொடுக்கல் வாங்கல்களில் இவ்வூர் மீனவரையோ வணிகரையோ ஒருவரும் ஒரு சொற் கேட்டாரில்லை.

துறைமுகத்தைக் கண்டபின் கோட்டைக்கு வரலாம். இதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர். உள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன. சிறுவர் அவற்றையே முதலிற் பார்ப்பர். ஆனால் பெரியோரைக் கோட்டை வாயிலிலேயே சற்று நிறுத்துதல் நன்று. வாயிற் கல்லிலே இரட்டைக் கயல்களும், சிதைந்த தமிழ்ச் சாசனம் ஒன்றும் காணப்படும். குளக்கோட்டன் கட்டிய கோயிலைப் பறங்கியர் உடைப்பர் என்னும் பொருளில் அச்சாசனத்தை மரபாகப் படித்து வருகின்றனர். கன்ஸ்தந்தீனு டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி 1622 இற் கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கோயிலை நோக்கிச் செல்லும் தாய், கோயிலின் கல்லையே மிதித்துச் செல்கிறாள் என்பதை மகன் சொல்லாவிடில், வேறு யார் சொல்வார்?

சுவாமி மலை உச்சியிலே இன்றுள்ள கோயில் 1963 இற் குடமுழுக்குக் கண்டது. அதற்குமுன் 1950 இற் கிணறு தோண்டியபோது, இடிப்புக் காலத்தில் மறைத்துவைக்கப்பட்டவை எனக் கருதப்படும் வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் மலையடிக் கடலில் மூழ்கிய மைக் வில்சனும் ஆர்தர் கிளார்க்கும் பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். பாறையில் உள்ள பெரும் பிளவை இராவணன் வெட்டு என்பர். அதனைப் புராணக் கதையாகவே சொல்லுதல் வேண்டும். அதனால் அதன் சுவை குன்றாது.

பாறையருகே நிற்கும் ஒரு தூணைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். காதலன் கப்பலேறிப் போய்விட, பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்தப் பெண் அங்கிருந்து கடலிற் பாய்ந்து மாண்டாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வர். தூணில் உள்ள ஆண்டு 1687. ஆனால் அதற்குப் பின்னரும் அவள் உயிருடனிருந்து மணம் புரிந்தாள் என்பதை ஒல்லாந்த ஆவணங்கள் காட்டுகின்றன. அவள் வளர்ந்தது, மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட ஹென்றிக் வான் ரீட் என்பவரின் வீட்டில். செத்தாள் என்று கண்ணீர் வடிப்பதினும், வாழ்ந்தாள் என்று அறிந்து மகிழ்வது மேலல்லவா?

நாள் சாயுமுன் சீனன்குடாப் பக்கம் செல்லலாம். ஆங்கிலேயர் தம் கடற்படைக்காக அமைத்த, ஏறக்குறைய 100 எண்ணெய்த் தாங்கிகள் அங்கே காட்டிடையே நிற்கின்றன. 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் சப்பானிய விமானங்கள் இத்துறையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. 1957 இலேயே கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் வந்த உள்நாட்டுப் போரும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவ்வூரில் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தன. அவற்றின் வரலாறு கல்லிற் பொறிக்கப்பட்டதன்று. ஊர் மக்களின் வாயிலிருந்தே கேட்கத்தக்கது.

வந்தவர்கள் இரவுப் பேருந்தில் ஊர் திரும்புவர். துறையைக் கண்டு, வாயிற் கல்லைப் படித்து, பொய்க் கதையைக் களைந்து சென்றவர்களுக்குத் திருகோணமலை வெறும் காட்சியாக இராது. நான்கு அரசுகள் துறையை நாடி வந்து போயின. ஊரும் தமிழும் கோணேசர் வழிபாடும் நிலைத்தன. பெற்றோருக்குப் பிள்ளை காட்டத்தக்க காட்சிகளிற் சிறந்தது இதுவே.