அறை அறையாகப் பிரித்துப் பார்ப்பது: தீபாயன் சர்க்காரும் லாட்டிஸும்

எங்கள் பக்கம் பட்டாசு ஆலைக்குள் போனவர்கள் கவனித்திருப்பார்கள். பெரிய கட்டிடம் என்று ஒன்று இருக்காது. கரிசல் காட்டுக்குள் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்ட எட்டத் தள்ளி நிற்கும். ஒரு அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்த ரூமுக்குத் தாவக் கூடாது, அதற்குத்தான். ஆளையும் மருந்தையும் ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும் என்று தாயில்பட்டிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எண்களையும் இப்படி அறை அறையாகப் பிரித்து வைத்துப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் லாட்டிஸ். எழுதியவர் தீபாயன் சர்க்கார், டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பேராசிரியர். உலகம் முழுக்கப் புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஆர் மொழியைப் பராமரிக்கும் மையக் குழுவில் இருப்பவர். அந்தக் குழுவில் இருபது பேர் அளவுக்குத்தான் இருப்பார்கள். அவரைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை. அதனால் இந்தக் குறிப்பு.

எதற்கு எனக்கு இந்த ஆராய்ச்சி என்றால், ஒரு நோட்டு. சுத்துப்பட்டு ஊர்களின் வெடிவிபத்துச் செய்திகளைப் பல வருஷமாக அதில் எழுதி வருகிறேன். தேதி, ஊர், இறந்தவர் எண்ணிக்கை, காரணம் என்று நாலு பத்தி. அதைப் படமாகப் போட்டுப் பார்க்கப் போய்த்தான் லாட்டிஸ் அறிமுகம் ஆனது. நோட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கதை.

பந்தல் வந்த வழி

1976-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட வேலை பார்த்தவர்களும் எஸ் என்ற மொழியை எழுதத் தொடங்கினார்கள். புள்ளியியலாளர் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்து, யோசிக்க யோசிக்கக் கணக்கையும் படத்தையும் போட்டுப் பார்க்கணும் என்பது நோக்கம். பின்னாளில் அது எஸ்-பிளஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காசு கொடுத்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

அதே ஆய்வகத்தில் வில்லியம் கிளீவ்லாண்ட் என்பவர், எண்களைப் படமாக எப்படிப் போட்டால் மனிதக் கண் சரியாகப் படிக்கும் என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் ரிச்சர்டு பெக்கர் முதலானோரும் சேர்ந்து செய்த முறைக்கு ட்ரெலிஸ் என்று பெயர். கொடி படர்வதற்குக் கட்டம் கட்டமாக அடிக்கும் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நம்ம பாகற்கொடிப் பந்தல் மாதிரி. ஒரே பெரிய படத்துக்குப் பதில், ஒரே அளவுகோலில் பல சின்னப் படங்கள், கட்டத்துக்கு ஒன்றாக. ஒரு கட்டம் ஒரு ஊர், அடுத்த கட்டம் அடுத்த ஊர். அளவுகோல் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் கண் தானாக ஒப்பிட்டுக்கொள்ளும்.

இதன் பலத்தைக் காட்ட கிளீவ்லாண்ட் எடுத்துக்கொண்டது ஒரு பழைய பார்லி விளைச்சல் கணக்கு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 6 இடங்களில், 10 ரகங்களை, 1931, 1932 என இரண்டு வருஷம் விதைத்து எடுத்த விளைச்சல். மொத்தம் 120 எண்கள். 1934-இல் வெளியானது. புள்ளியியலின் பிதாமகர்களில் ஒருவரான ரொனால்டு ஃபிஷரே இதில் ஒரு பகுதியை 1935-இல் தன் புத்தகத்தில் எடுத்தாண்டார். அப்புறம் எத்தனையோ பேர் இதே எண்களை வைத்துப் பாடம் நடத்தினார்கள்.

கிளீவ்லாண்ட் அதை 6 கட்டமாகப் பிரித்துப் போட்டார். 5 கட்டங்களில் 1931-இன் விளைச்சல் அதிகம், 1932-இல் குறைவு. மாரிஸ் என்ற இடத்தில் மட்டும் நேர் தலைகீழ். யாரோ வருஷத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. 1993-இல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவாகச் சொன்னார். அறுபது வருஷமாக எல்லார் கண் முன்னாலும் கிடந்த எண்கள்!

கதை அதோடு முடியவில்லை. 2013-இல் கெவின் ரைட் என்ற ஆய்வாளர் அந்த வட்டாரத்தின் இன்னும் பல வருஷத்துக் கணக்கைத் தேடி எடுத்து, மாரிஸில் அப்படி ஆவது இயற்கையாகவே நடக்கக்கூடியதுதான், எழுத்துப் பிழை என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு இந்தப் பின்பாதிதான் ரொம்பப் பிடிக்கும். கட்டம் கட்டமாகப் போட்ட படம் கேள்வியைத்தான் எழுப்பியது. பதிலுக்கு யாரோ ஒருவர் பழைய பதிவேடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

கல்கத்தாவிலிருந்து விஸ்கான்சினுக்கு

எஸ் மொழிக்குக் காசு வேணும் என்றேன் இல்லையா. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள், மாணவர்களுக்குச் சொல்லித்தர அதே சாயலில் தாங்களே ஒன்றை எழுதினார்கள். இரண்டு பேர் பெயரிலும் முதல் எழுத்து ஆர், அதனால் மொழிக்கும் ஆர். 1993-இல் வெளியே சொன்னார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து மார்ட்டின் மேக்லர் வற்புறுத்தியதில், 1995-இல் கட்டற்ற உரிமத்தில் மூலநிரலோடு வெளியிட்டார்கள். 1997-இல் மையக் குழு அமைந்தது. 2000 பிப்ரவரி 29 அன்று ஆர் 1.0.0 வந்தது.

மொழி இலவசம். ஆனால் அதில் பந்தல் இல்லை. அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்தான் தீபாயன் சர்க்கார்.

அவர் படித்தது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில், பிரசிடென்சி கல்லூரியின் ஒரு அறையில் ஆரம்பித்தது அது. கல்கத்தா என்றதும் நம்ம பக்கத்துக் கதையும் ஞாபகம் வரும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுவர சிவகாசியிலிருந்து போனது அந்த ஊருக்குத்தான். இன்றைய பட்டாசுத் தொழிலின் வேர் அந்தப் பயணத்தில் இருக்கிறது. மகலனோபிஸ் நிறுவனத்திலும் கருவி மேல் தீராத ஆசை. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறியான எச்.இ.சி.-2எம், 1955-இல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது அங்கேதான்.

சர்க்கார் அங்கிருந்து முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆர் மையக் குழுவைச் சேர்ந்த டக்ளஸ் பேட்ஸ் அங்கே பேராசிரியர். ஆக்லாந்தின் பால் மரல், படம் வரைவதற்கு அடித்தளமாக கிரிட் என்ற தொகுப்பை எழுதியிருந்தார். அதன் மேல் கிளீவ்லாண்ட் குழுவின் பந்தலை சர்க்கார் புதிதாகக் கட்டினார். ஆர் நியூஸ் இதழில் 2002 ஜூனில் அதை அறிமுகப்படுத்தி எழுதியபோது அவர் இன்னும் மாணவர்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தெரியும். கட்டுரை எழுதினால் கணக்கில் வரும். மற்றவர்கள் கட்டுரை எழுத உதவும் கருவியைச் செய்தால் பல இடங்களில் கணக்கிலேயே வராது. மாணவர்கள் எழுதும் மென்பொருளுக்கென்றே ஜான் சேம்பர்ஸ் பெயரில் ஒரு விருது இருப்பது அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டத்தான். சேம்பர்ஸ், எஸ் மொழிக்காக 1998-இல் தனக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் ஏற்படுத்திய விருது. 2004-இல் அது சர்க்காருக்கு. 2006-இல் ஹாட்லி விக்கம் என்ற நியூசிலாந்துக்காரருக்கு.

விக்கம் பின்னால் எழுதிய ஜிஜிபிளாட்2 உலகப் புகழ் பெற்றது. இன்று ஆர் கற்கும் பிள்ளைகளில் பலர் லாட்டிஸ் பக்கமே வருவதில்லை. சர்க்கார் சியாட்டிலில் ஒரு புற்றுநோய் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தார், 2008-இல் லாட்டிஸ் பற்றிப் புத்தகம் எழுதினார், பிறகு டெல்லி வந்து பாடம் நடத்துகிறார். ஆர் மொழிக்குப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம், இருபது வருஷத்துக்கு முன் எழுதிய நிரல் உடையாமல் ஓடணும். பழைய ஆய்வுகளின் படங்கள் இன்றும் அப்படியே வரணும். அந்த வேலைக்குப் பெரிய பெயர் கிடையாது. நின்றுபோனால் மட்டும்தான் தெரியும்.

என்னைப் போன்றவனுக்கு அதில் கிடைத்த லாபம் சின்னது, ஆனால் நிஜம். ஆர் மொழியைக் கணிப்பொறியில் ஏற்றினாலே லாட்டிஸும் கூடவே வந்துவிடும், தனியாக இறக்க வேண்டாம். நெட் ஒழுங்காகக் கிடைக்காத நாட்களில், ஒரு நண்பர் பென் டிரைவில் கொண்டுவந்த ஆரை ஏற்றினேன், பந்தல் உள்ளேயே இருந்தது. பார்லிக் கணக்கும் இருந்தது. "ரகம் ~ விளைச்சல் | இடம்" என்பதுபோல ஒரு வரி எழுதினால் போதும். நடுவில் நிற்கிற அந்தக் கோடுதான் அறைச்சுவர். எதை வைத்துப் பிரிக்கணுமோ அதை அதன் வலப்பக்கம் எழுதணும்.

நோட்டு

இப்போது நோட்டுக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5, முதலிபட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இப்படிப் பெரியதும், உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியில் முடிந்துபோன சின்னதும். முதலில் மாதத்துக்கு ஒரு கட்டமாகப் போட்டேன். சில கட்டங்களில் புள்ளிகள் நெருக்கமாக, சிலவற்றில் கிட்டத்தட்ட காலி. ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, பக்கத்து வீட்டில் திரி வேலைக்குப் போகும் அக்காவிடம் காட்டினேன். காலியாக இருந்த கட்டத்தைத் தொட்டு, "இந்த மாசம் ஆபத்து கம்மி போல இருக்குக்கா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். "தம்பி, தீவாளி முடிஞ்சா ஆலையப் பூட்டிருவாங்க. அப்புறம் மழை. மருந்து காயாது, வேலை இருக்காது. வேலையே இல்லாத மாசத்துல யாருக்குய்யா வெடிக்கும்?"

வகுப்பில் சொல்லித்தரும் பாடம்தான் இது. விபத்துகளை எண்ணினால் மட்டும் போதாது, எத்தனை பேர் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்பதால் வகுக்கணும். மேலே உள்ள எண் செய்தித்தாளில் வருகிறது. கீழே இருக்க வேண்டிய எண் வருவதில்லை. உரிமம் உள்ள ஆலையில் வருகைப் பதிவேடாவது இருக்கும். வீட்டில் வைத்துச் செய்கிற இடத்தில் அதுவும் கிடையாது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கேதான் கணக்கும் இல்லை.

மேல் எண்ணும் நம்பும்படி இல்லை. அச்சங்குளத்தில் முதல் நாள் செய்தியில் இருந்த எண்ணிக்கை, தீக்காய வார்டில் அடுத்தடுத்து உயிர்கள் போகப் போக ஏறி, 20-ஐத் தாண்டியது. என் நோட்டில் பல சின்ன விபத்துகளுக்கு முதல் நாள் எண்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் கழித்து இறந்தவர் என் பத்தியில் இல்லை. "காரணம்" என்ற பத்தியைத் தனியாகப் பிரித்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் "உராய்வு" என்ற ஒரே சொல். உராய்வு எங்கேயும் எப்போதும் உண்டு. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது, எந்தத் தேதிக்குள் சரக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள் என்பதற்கெல்லாம் என் நோட்டில் பத்தியே கிடையாது.

இவ்வளவும் தெரிந்தது, படத்தைப் பிரித்துப் போட்டதால். ஒரே கூட்டுத்தொகையாக வைத்திருந்தால் வருஷத்துக்கு இத்தனை சாவு என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

நோட்டில் இப்போது இரண்டு பத்தி கூட்டியிருக்கிறேன். ஒன்று, ஒரு மாதம் கழித்து மறுபடி விசாரித்து எழுதும் எண்ணிக்கை. இன்னொன்று, அந்த வாரத்தில் எத்தனை நாள் வேலை நடந்தது என்பது. இரண்டாவதை அக்காவிடமும் அவரோடு வேனில் போகிறவர்களிடமும் கேட்டு எழுதுகிறேன். மெதுவாகத்தான் நிறைகிறது. ஒரு வருஷம் முழுசாகச் சேர்ந்ததும் படத்தைத் திரும்பப் போட்டு இங்கே எழுதுகிறேன்.