மெக்காலே பெயரில் ஒரு போலி ஆவணம்

 

இணையத்திலும் கைபேசிகளிலும் பல்லாண்டுகளாக வலம்வரும் ஒரு படத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். பழுப்பேறிய பழைய அச்சுத்தாளின் தோற்றம். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே பிரபு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையாம் அது. இந்தியாவின் நீள அகலமெங்கும் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை என்றும், இந்நாட்டை வெல்வதற்கு இதன் பழைய கல்வியையும் பண்பாட்டையும் முறித்தாக வேண்டும் என்றும் அவர் பேசினாராம். நாட்டின் பழம்பெருமை பற்றிய விவாதங்களில் இது ஆதாரமாக நீட்டப்படுகிறது. நம்மவர்களும் பரப்புகின்றனர்.

இது பொய்யாகப் புனையப்பட்டது. அந்த நாளில் மெக்காலே லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கி, மைசூர் வழியாக உதகைக்குப் பல்லக்கில் சென்று, அங்கிருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்க்கைச் சந்தித்துவிட்டு கல்கத்தா போனவர் அவர். பிறர் தோளில் ஏறிச் சென்ற அப்பயணத்தைத் தவிர அவர் அதுவரை கண்ட இந்தியா பெரிதாக ஒன்றுமில்லை. இங்கிலாந்து திரும்பியது 1838-இல். ‘பிரபு’ பட்டம் பெற்றது 1857-இல்.

காலத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கும் இந்தக் கலை நம் முன்னோர்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 447-இல் பக்தாதில் ஓர் ஆவணம் கொண்டுவரப்பட்டது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாகவும், ஸஹாபாக்கள் அதற்குச் சாட்சியமளித்ததாகவும் அதில் இருந்தது. அமைச்சர் அதனை ஹதீஸ்கலை மேதை கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். பார்த்தவுடன் போலி என்றார்கள். சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரலி). அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-இல். மற்றொருவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்கள் ஹிஜ்ரி 5-லேயே வஃபாத்தாகிவிட்டார்கள். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7!

நமக்கு எதிராக ஒரு செய்தி வந்தால் ஸனத் கேட்கிறோம். நமக்கு இனிக்கும் செய்தியென்றால் கேட்பதில்லை. இதில் நஷ்டமும் நமக்கே. ஏனெனில் அதே 1835 பிப்ரவரி 2-ஆம் தேதியிட்டு மெக்காலே எழுதிய உண்மையான கல்விக் குறிப்பு ஒன்று உண்டு. நல்ல ஐரோப்பிய நூலகமொன்றின் ஓர் அலமாரித்தட்டு, இந்திய, அரபு இலக்கியம் அனைத்திற்கும் சமம் என்ற கருத்தை அவர் ஏற்று எழுதியது அதில்தான். தமக்கு அரபியும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது என்று அக்குறிப்பிலேயே ஒப்புக்கொள்கிறார்! அரபி, சமஸ்கிருத நூல்களின் அச்சை நிறுத்தவும், கல்கத்தா மதரஸாவையும் அங்குள்ள சமஸ்கிருதக் கல்லூரியையும் மூடிவிடவும் அவர் யோசனை கூறினார். போலி உரையைக் கையில் வைத்து வாதிடுபவர் பிடிபடும் நாளில், இந்த உண்மையான அவமதிப்பும் கட்டுக்கதையென ஒதுக்கப்படும்.

மதரஸா மூடப்படப் போகிறது என்ற செய்தி பரவியதும் கல்கத்தா முஸ்லிம்கள் சுமார் 8000 பேர் கையொப்பமிட்டு அரசுக்கு விண்ணப்பித்தனர். அந்த விண்ணப்பத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1835 மார்ச் 7-இல் பென்டிங்க் ஆங்கிலக் கல்விக்கே நிதி என ஆணையிட்டார். எனினும் மதரஸா மூடப்படவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தொடங்கிய அந்நிறுவனமே பிற்காலத்தில் ஆலியா பல்கலைக்கழகமாக வளர்ந்தது.