சிகாகோ பல்கலைக்கழகம்: ஆய்வு மரபும் துறையிணைவும்

முன்னுரை

அமெரிக்காவின் தனியார் ஆய்வுப் பல்கலைக்கழகங்களுள் சிகாகோ பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்கது. அதன் கல்விச் சிறப்புக்குத் தனித்துறைகளின் வளர்ச்சியைப் போலவே துறைகளுக்கு இடையிலான நெருக்கமும் அடிப்படையாக அமைந்ததை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தோற்றம்

ஜான் டி. ராக்பெல்லரின் நன்கொடையாலும் பாப்டிஸ்டு கல்விக் கழகத்தின் முயற்சியாலும் 1890இல் இப்பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் எபிரேய மொழி அறிஞர். 1892இல் வகுப்புகள் தொடங்கியபோதே முதுநிலைக் கல்வியும் ஆய்வும் முதன்மை பெற்றன. சமூகவியலுக்கெனத் தனித்துறை அவ்வாண்டிலேயே அமைந்தது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் 1919இல் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

அணு ஆய்வின் இருமுகம்

1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ பெர்மி தலைமையிலான குழு, இவ்வளாகத்தில் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. அணுகுண்டுத் திட்டத்தின் பகுதியாகவே அம்முயற்சி நடைபெற்றது. முன்னறிவிப்பின்றி ஜப்பான்மீது குண்டு வீசுதல் தகாது என்று 1945 ஜூனில் அறிக்கை அளித்தவர்களும் இங்குப் பணியாற்றிய அறிவியலாளர்களே. ஜேம்ஸ் பிராங்க் தலைமையிலான அக்குழுவின் கருத்து ஏற்கப்படவில்லை.

போருக்குப் பின் இங்கு நிறுவப்பட்ட அணுக்கரு ஆய்வு நிறுவனத்தில் வில்லர்டு லிப்பி கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு முறையை உருவாக்கினார். காலம் அறியப்பட்ட தொல்பொருள்களைக் கொண்டே அம்முறையைச் சோதிக்க இயலும். அவற்றுள் ஒன்றான தாயினாத் அரண்மனை மரத்துண்டைக் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் வழங்கியது. வேதியியலும் தொல்லியலும் ஒரே வளாகத்தில் இயங்கியதன் பயன் இது. 1960இல் லிப்பி நோபல் பரிசு பெற்றார்.

தமிழியல் தொடர்பு

கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு முன்னெடுத்துச் சென்ற கரிமப் பகுப்பாய்வு, லிப்பி வகுத்த கோட்பாட்டின் வளர்ச்சியே. சங்க இலக்கியக் காலம் குறித்த விவாதத்தில் இச்சான்று தவிர்க்க இயலாததாகியுள்ளது. 1960களிலிருந்து இங்குப் பணியாற்றிய ஏ.கே. இராமானுஜன், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1967இல் வெளியிட்டார். வானியற்பியல் அறிஞர் சு. சந்திரசேகர் 1937 முதல் இப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

முடிவுரை

அணுகுண்டுக்கு வழிவகுத்த அறிவே தொல்பொருளின் காலத்தை அளக்கும் கருவியையும் தந்தது. அறிவின் பயன்பாட்டை முடிவுசெய்யும் அதிகாரம் ஆய்வாளரிடம் இல்லை என்பதைப் பிராங்க் அறிக்கையின் கதி உணர்த்துகிறது. துறைகள் ஒன்றையொன்று அணுகும் சூழலை அமைப்பது பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளது. இலக்கியம், கல்வெட்டியல், அறிவியல் ஆகியவை தனித்தனியே இயங்கும் தமிழாய்வுச் சூழலுக்கும் இப்படிப்பினை பொருந்தும்.