பத்து வயதும் செக்ரோலும்

1885 ஆம் ஆண்டு புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகம் செல்ல வழி பிறந்தது. ஆயின், அப்பெட்டிகளை நிரப்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தல் எவர் கடமை எனச் சட்டம் கூறுவதற்கு மேலும் 22 ஆண்டுகள் சென்றன. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் அக்கடமையைத் தோட்டத் துரைமாரிடமே ஒப்படைத்தது. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்குவதும் அவர்தம் பொறுப்பாயின. பிள்ளையின் உழைப்பை வாங்குபவரே அதன் கல்விக்கும் காவலராக்கப்பட்டமை ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது.

1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், பத்து வயதுக்குட்பட்டோரைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என விதித்தது. அதற்குப் பின் அமர்த்தலாம் என்பதே இதன் மறுபக்கம். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்குட்பட்டோரை வேலையினின்று முற்றாக விலக்கியது. நன்மையே. எனினும், பாடசாலை விடைகொடுக்கும் வயதும் செக்ரோலில் பேர் விழும் வயதும் இதனால் ஒன்றாயின. 1929 இல் மலைநாட்டுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தாய் பெறுவதில் ஏறத்தாழ முக்காற்பங்கை ஈட்டவல்ல பிள்ளையை லயத்து வறுமை எங்ஙனம் பாடசாலையில் விட்டுவைக்கும்? பெற்றோரின் அறியாமையே காரணம் என்போர் இக்கணக்கை நோக்குவதில்லை.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் நாடெங்கும் பரவியபோது தோட்டப் பாடசாலைகள் அதன் புறத்தே நின்றன. 1947 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவற்றை அரசின் பொறுப்பாக்க முனைந்தது. ஆயினும், 1948 இல் பிரசாவுரிமையும் 1949 இல் வாக்குரிமையும் பறிபோன மக்களுக்காக அதனை வற்புறுத்துவார் அருகினர். 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை ஏற்ற அரசு இவற்றைத் தீண்டவில்லை. பெருந்தோட்டங்கள் 1975 இல் தேசியமயமான பின்னரே, 1977 முதல், பாடசாலைகளும் கைமாறின. தேயிலைச் செடி தேசத்தின் உடைமையாகிய பின்பே பிள்ளை தேசத்தின் மாணவனானான் எனலாம்.

கட்டாயக் கல்வி 1998 இல் 14 வயது வரையும், 2016 இல் 16 வயது வரையும் நீட்டப்பட்டது. வேலைக்கமர்த்தும் வயதோ 2021 வரை 14 ஆகவே இருந்தது. அவ்விடைவெளியில், 1885 இல் தேயிலைக்கெனத் திறந்த அதே பாதையில், தோட்டத்துச் சிறுவர் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் பயணமாயினர்.