பஞ்சரத்தினம் அவத்தையும் கணினிவழி ஒளியியல் வடிவமைப்பும்

ஒளியை வளைக்கும் நுண்பொருள்களைக் கணினியில் வடிவமைக்கும் துறையை இந்த நூற்றாண்டின் பிள்ளையாகவே பலரும் கருதுகின்றனர். அதன் முக்கியமான ஒரு கிளைக்கு அது பொருந்தாது. சி. வி. இராமன் பெங்களூரில் நிறுவிய ஆய்வு நிலையத்தில், அவருடைய சகோதரியின் மகன் எஸ். பஞ்சரத்தினம் 1956இல், 22 வயதில், அதன் அடிப்படை விதியை எழுதிவிட்டார். ஒளியை உறிஞ்சும் பளிங்குகளில் (இலங்கை இரத்தினப் படிவுகளிலும் கிடைக்கும் அயோலைட் அவற்றுள் ஒன்று) தெரியும் தலையீட்டுக் கோலங்களை விளக்கப்போய் அவர் கண்டது இது: ஒளியின் முனைவாக்க நிலையைப் படிப்படியாக மாற்றிப் புறப்பட்ட நிலைக்கே கொண்டுவந்தாலும், அலையில் ஓர் அவத்தை மேலதிகமாகச் சேர்ந்திருக்கும். முனைவாக்க நிலைகளைப் புள்ளிகளாகக் காட்டும் புவான்காரே கோளத்தில் அந்தச் சுற்று அடைக்கும் திண்மக் கோணத்தின் சரிபாதியே அதன் அளவு. 1969இல் ஒக்ஸ்போர்டில் 35 வயதில் அவர் காலமானபோது இதன் பெறுமதியை உணர்ந்தவர் சிலரே. 1984இல் இயற்பியலாளர் மைக்கேல் பெரி குவாண்டம் முறைமைகளுக்கு இதையொத்த விதியைக் கண்டார். இயற்பியலாளர்கள் இராமசேஷனும் நித்தியானந்தாவும் 1986இல் இரண்டுக்குமான தொடர்பைச் சுட்டிக்காட்ட, பெரியும் மறுஆண்டே அதை எழுத்தில் ஏற்றார்.

இனி கணினியின் பங்கு. ஏரெஸ் ஹஸ்மன் குழு 2002இல், அலைநீளத்தைவிட நுண்ணிய கீற்றுகளைக் கணினியால் வரைந்து இந்த அவத்தையைச் சாதனமாக்கியது. ஹார்வர்டில் பெடரிக்கோ கப்பாசோ குழு 2016இல் செய்த தட்டை வில்லையில் விடயம் இன்னும் தெளிவு. கண்ணாடியின்மேல் 600 நனோமீற்றர் உயரச் செட்டைகள் வரிசையாக நிற்கின்றன. டைட்டேனியம் டைஒக்சைட்டால் ஆனவை. ஒரு வில்லையில் எல்லாச் செட்டைகளும் ஒரே அளவு, நிற்கும் கோணம் மட்டுமே வேறு. 45 பாகை திருப்பினால் வட்டமுனைவாக்க ஒளிக்கு 90 பாகை அவத்தை. 180 பாகைக்குள் முழு அலையும் கைக்குள் வந்துவிடும். செட்டையின் நீள அகலத்தைக் கணினி தேடித் தந்தது, கோணத்தைப் பஞ்சரத்தினம் தந்தார். இதே அவத்தையைக் கொண்டுதான் 2018இல் ஹஸ்மனும் சகாக்களும் ஒற்றை ஒளித்துணிக்கையின் சுழற்சியையும் சுற்றுக் கோணவுந்தத்தையும் குவாண்டம் முறையில் பிணைத்தனர்.

இன்று விதியே தேவையில்லை, கணினி தானே வடிவத்தைக் கண்டுபிடிக்கும் என்பார்கள். ஸ்டான்போர்டில் ஜெலெனா வுச்கோவிச் குழு 2015இல் வெளியிட்ட, பக்கம் 2.8 மைக்ரோமீற்றர் மட்டுமே கொண்ட அலைநீளப் பிரிப்பான் இதற்கு நல்ல சான்று. அப்படியொரு வடிவத்தை எந்த மனிதரும் வரைந்திருக்கமாட்டார். ஆனால் அந்தத் தேடலும் மக்ஸ்வெல் சமன்பாடுகள் விதித்த எல்லைக்குள்தான் நடந்தது. கிடைத்த வடிவத்திலிருந்து அடுத்த சாதனத்துக்கான விதி எதுவும் கிடைக்கவுமில்லை. பஞ்சரத்தினம் விதிக்கும் குறை உண்டு: அது வட்டமுனைவாக்க ஒளியையே எதிர்பார்க்கிறது, பல நிறங்களை ஒருங்கே குவிக்க அது மட்டும் போதாது. அங்கே தேடல் தேவைதான், ஆனால் துணையாக.

சம்மாந்துறையில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படிக்கும் மாணவர் ஒருவர், மின்காந்த அலைகளைக் கணிக்கும் மீப் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு இத்தகைய ஒரு செட்டையின் கணிப்பை மடிகணினியிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் முதலில் பஞ்சரத்தினத்தின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசியுங்கள்; மென்பொருளைப் பிறகு திறக்கலாம்.