காஞ்சியும் நோய்ப்படமும்: புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் ஓர் ஆய்வு

காஞ்சிபுரத்திற்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயர் பூண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிக் கூறுகின்றது. அங்கே 15 கிடக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவரும், சல்லியக்கிரியை செய்வார் ஒருவரும், மருந்துப் பொருள் கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பணிமகளிரும் அமர்த்தப்பெற்றிருந்தனர். அவர்கட்குரிய ஊதியமும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பெற்றுள்ளன.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்னும் திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தின் கருத்து, இக்கல்வெட்டில் நடைமுறையாக நிற்கக் காண்கின்றோம். ஆயின், உடலின் உள்ளே கிடப்பதைக் கண்ணாற் காணும் வழி அக்கால மருத்துவர்க்கு இருந்திலது. நாடி பார்த்தும், தொட்டு நோக்கியும், வினாவி அறிந்தும் அவர்கள் நோயை உய்த்துணர்ந்தனர். அவ்வழி பிறந்தது 1895இல்தான். அது முதல் இன்று வரை, உடலின் உட்படம் புற்றுநோயாளரைப் பேணும் முறையை எவ்வாறு மாற்றியது என்பதனையும், அம்மாற்றத்தில் காஞ்சிக்கும் தமிழ்மொழிக்கும் உள்ள தொடர்பு யாது என்பதனையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிழல்

செருமானிய அறிஞர் ராண்ட்ஜன், 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1901இல் இயற்பியலுக்கு முதன்முதலாக வழங்கப்பெற்ற நோபல் பரிசு அவருக்கே உரியதாயிற்று. சென்னை அரசினர் பொது மருத்துவமனையைச் சார்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பெற்றது. தமிழகத்தில் கதிரியல் தனித்துறையாக வேரூன்றியமைக்கு அது சான்றாகும்.

புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைந்ததற்கு ஓர் அம்மையாரின் துயரம் காரணமாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையார் 1923இல் இந்நோயால் இறந்தார். அன்று தோன்றிய எண்ணம் முப்பது ஆண்டுகட்குப் பின்னரே செயலாயிற்று. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பெற்றது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1957இல் ஆசியாவிலேயே முதலாவதெனக் கருதப்படும் கோபால்ட் 60 கதிர்மருத்துவக் கருவி அங்கு நிறுவப்பெற்றது.

அக்காலத்து ஊடுகதிர்ப் படம் ஒரு நிழலே என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். எலும்பின் நிழலும் நுரையீரலின் நிழலும் இதயத்தின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே தாளில் விழும். உணவுக்குழாயில் வந்த நோயை அறிய, நோயாளிக்குப் பேரியக் கரைசலை விழுங்கக் கொடுத்துப் படம் எடுப்பர். குழாயின் உட்புறம் எங்கே குறுகியுள்ளது என்பதனை அப்படம் காட்டும். குழாயின் சுவரை நோய் எவ்வளவு ஆழம் துளைத்தது, அண்டை நிணநீர்க் கணுக்களிற் பரவியதா என்பனவற்றை அது காட்டாது. அவற்றை உடலைத் திறந்து பார்த்தே அறிதல் கூடும்.

காஞ்சியிற் பிறந்த பேரறிஞர் அண்ணாவைப் பற்றியது உணவுக்குழாய்ப் புற்றே. அவர் 1968 செப்டம்பரில் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பெற்று, நவம்பரில் நாடு திரும்பினார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மறைந்தார். அவர் நினைவாக அவ்வாண்டிலேயே காஞ்சிபுரத்தையடுத்த காரப்பேட்டையில் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிற்று. பின்னர் அது மண்டலப் புற்றுநோய் மையமாகவும் ஏற்கப்பெற்றது. மாநிலத்தின் முதலமைச்சர் மருத்துவம் நாடிக் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்த நோய்க்கு, தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் தம் ஊரெல்லையிலேயே மருத்துவம் பெற வழி பிறந்தது. காஞ்சியின் அண்மைக்கால வரலாற்றில் இஃது ஒரு பெரு நிகழ்ச்சி என்பது தகும்.

2. எண்

அண்ணா மறைந்து மூன்றாண்டு நிறையுமுன், 1971 அக்டோபர் 1ஆம் நாள், இலண்டனின் ஒரு பகுதியாகிய விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹௌன்ஸ்பீல்டு என்னும் பொறியாளர் அமைத்த கருவியால் ஒரு நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பெற்றது. இதுவே சி.டி. எனப்படும் கணினி வெட்டுப்படத்தின் தொடக்கம். இதற்குரிய கணிதத்தை முன்னரே ஆராய்ந்த கார்மாக்கும் ஹௌன்ஸ்பீல்டும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கருவி நிழலை எண்ணாக மாற்றியது. பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, உடலின் ஒரு குறுக்குவெட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் கணித்தது. நீருக்கு 0, காற்றுக்கு -1000 என அளவு வகுக்கப்பெற்றது. முதற்கருவியின் படம் 80 வரிசையும் 80 நிரலுமாக 6,400 கட்டங்கள் கொண்டது.

காஞ்சியைச் சேர்ந்தோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் வரவேண்டிய அன்னத்தையும் யாளியையும் முதலிற் கட்டத்தாளில் வரைகின்றனர். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் குறுக்கிடும் ஓரிடம். எந்தக் கட்டத்தில் பாவு நூல் உயரவேண்டும் என்பதனைத் துளையிட்ட அட்டை ஜக்கார்டுக்கு அறிவிக்கின்றது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த இத்துளையட்டை முறை, பின்னாளில் கணக்கிடும் பொறிகளுக்கும் வழிகாட்டியது என்பது தொழில்நுட்ப வரலாறு. உருவத்தைக் கட்டங்களாக்குவது நெசவு. கட்டங்களிலிருந்து உருவத்தை மீட்பது கணினிப்படம். திசை வேறு, அடிப்படை ஒன்றே.

இதன்பின் காந்த ஒத்திசைவுப் படமும், நோயணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் இயல்பைப் பயன்கொள்ளும் பெட் படமும் வந்தன. நோய் நிற்கும் இடத்தை நன்கு வரையறுத்து, நல்லுறுப்புகளைக் காத்துக் கதிர் செலுத்தும் திட்டம் இவற்றாலேயே இயல்வதாயிற்று.

3. அளவு

படம் எடுத்தல் வேறு; படத்தால் மருத்துவத்தை நடத்துதல் வேறு. மருந்து பயன்படுகின்றதா என அறிய, கட்டியின் அளவை முன்னும் பின்னும் ஒப்பிடல் வேண்டும். அவ்வளவை எவ்வாறு பெறுவது?

1976இல் அமெரிக்க அறிஞர் மோர்டெலும் ஹேன்லியும் ஒரு சோதனை செய்தனர். 12 உருண்டைகளை மென்னுரை மெத்தையின் அடியில் வைத்து, அனுபவம் மிக்க 16 புற்றுநோய் மருத்துவரைக் கையால் தடவி அளக்கச் செய்தனர். ஒரே உருண்டையை ஒருவர் ஓரளவாகவும் மற்றவர் வேறளவாகவும் கூறினர். உருண்டை மாறவில்லை, அளவு மட்டும் மாறியது. சிறு மாறுதலைக் கண்டு ‘நோய் குறைந்தது’ என்று கூறுவது அளப்போர் பிழையாகவும் இருத்தல் கூடும் என்பது இதனால் புலனாயிற்று.

ஆதலின் பொதுவிதி வேண்டப்பெற்றது. 2000இல் பன்னாட்டு அறிஞர் வகுத்து, 2009இல் திருத்திய ‘ரெசிஸ்ட்’ என்னும் விதித்தொகுதி இன்று மருந்தாய்வுகளிற் பெரிதும் பின்பற்றப்படுகின்றது. அதன்படி மொத்தம் ஐந்துக்கும், ஓர் உறுப்பில் இரண்டுக்கும் மேற்படாமல் கட்டிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் நெடுவிட்டங்களைக் கூட்டுவர். நிணநீர்க் கணுவாயின் குறுவிட்டம் கொள்வர். அக்கூட்டுத்தொகை தொடக்க அளவினின்றும் 30 விழுக்காடேனும் குறைந்தால் மருந்துக்கு நோய் பகுதியளவு இணங்கியது என்பர். இடையிற் பெற்ற மிகக் குறைந்த அளவினின்றும் 20 விழுக்காடேனும், 5 மில்லிமீட்டரேனும் கூடினால் நோய் வளர்ந்தது என்பர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ‘நிலையான நோய்’. மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்னும் முடிவிற்கு இவ்வெல்லைகள் துணைசெய்கின்றன.

4. உரை

அளவு விதி வந்த பின்னும் படத்தைக் காண்பவரின் இடம் குறையவில்லை. 1947இல் பர்க்கெலோ, எருசலமி முதலிய அமெரிக்க அறிஞர், மார்புப் படங்களை ஐவரிடம் தனித்தனியே கொடுத்துக் காசநோய்க் குறிகளை நோக்கச் செய்தனர். ஐவரும் தம்முள் மாறுபட்டனர். அன்றியும், அதே படங்களை மீண்டும் நோக்கியபொழுது ஒருவரே தம் முந்தைய கூற்றோடு மாறுபட்டதும் உண்டு.

இதனைக் கண்டு தமிழ் பயின்றோர் வியப்படையார். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. அவருள் காஞ்சியினர் என வழங்கப்பெறும் பரிமேலழகர், பிறர் கொண்ட பொருளை எடுத்துக்காட்டி மறுத்தே தம் பொருளை நிறுவும் இடங்கள் உண்டு. மூலம் ஒன்று, உரை பல. எனினும் இவ்விரு துறைக்கும் ஒரு வேறுபாடு உளது. குறளுக்கு இரண்டு உரை நிற்பின் நூல் வளம்பெறும். படத்திற்கு இரண்டு உரை நிற்பின் நோயாளி இடர்ப்படுவார். அதனாலேயே ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மார்பகப் படத்தை இருவர் நோக்குதல் முறையாயிற்று.

கணினியையே ஓர் உரையாசிரியராக அமர்த்தும் முயற்சி அடுத்து எழுந்தது. 1998இல் மார்பகப் படத்திற் குறியிட்டுக் காட்டும் கணினித் துணைக்கருவிக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. ஆயின் பென்டன் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அக்கருவி வந்தபின் திசு எடுத்துச் சோதித்தல் ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுந்ததென்றும், நோய் காணும் திறம் அதற்கேற்ப உயரவில்லை என்றும் காட்டிற்று. பின்னர் செயற்கை நுண்ணறிவு வளர்ந்தது. சுவீடனில் 80,000க்கும் மேற்பட்ட மகளிரிடையே நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அதன் துணைகொண்ட குழுவில் படம் நோக்குவோர் பணி 44 விழுக்காடு குறைந்தது. புற்றுநோய் காணும் அளவோ குறையவில்லை. முன்னையது தோற்றதும் பின்னையது பயன்பட்டதும் ஒன்றை உணர்த்துகின்றன: கருவியின் தகுதியை அதன் புதுமையால் அறிதல் இயலாது, நோயாளரிடையே சோதித்தே அறிதல் வேண்டும்.

காண்டற்குப் பெருங்கருவியே வேண்டும் என்பதும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் நோக்கினர். சங்கரநாராயணன் முதலியோர் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, அவ்வாறு நோக்கப்பெற்ற ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. நோக்கிய உடனே உரிய மருத்துவமும் அளித்தமையே அவ்வெற்றிக்குக் காரணம்.

5. சொல்

நிழல் எண்ணாகி, எண் அளவாகி, அளவு உரையாகி நின்றது. அவ்வுரை இறுதியில் ஓர் அறிக்கையாக நோயாளியின் கைக்கு வருகின்றது. அது ஆங்கிலத்தில் உள்ளது. பிறர் உதவியால் அதனைத் தமிழாக்கிக் கேட்பவர்க்கு நேரும் இடர்ப்பாடே தமிழ்த்துறையினர் கருதவேண்டியதாகும்.

சில சான்றுகள் காட்டலாம். நோய் வளர்ந்ததைக் குறிக்க அறிக்கையில் ‘புரோகிரஷன்’ என்று எழுதுவர். அகராதிவழிப் பெயர்ப்பின் அது ‘முன்னேற்றம்’ ஆகும். முன்னேற்றம் என்று கேட்கும் தமிழர் நலம் என்றே கொள்வர். உண்மையோ அதற்கு மறுதலை. கட்டி பெரிதும் வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை என்பதனை ‘ஸ்டேபிள்’ என்பர். அதனை ‘நிலைத்த நோய்’ என்றால் இனித் தீராதது என்னும் பொருள் தோன்றும். நோய்க்குறி ஒன்றும் இல்லாத உறுப்பை ‘அன்ரிமார்க்கபிள்’ என்பர். ‘குறிப்பிடத்தக்கதன்று’ எனின் பொருள் மயங்கும். ‘நெகடிவ்’ என்பதை ‘எதிர்மறை’ என்றால் அச்சமே மிஞ்சும். மருந்தை மாற்றவேண்டிய வேளையில் ‘முன்னேற்றம்’ என்று மகிழ்ந்து வீடு திரும்புபவர் இழப்பது, திரும்பக் கிட்டாத காலமாகும்.

இவற்றுக்கு ‘நோய் வளர்ந்துள்ளது’, ‘நோய் வளரவும் இல்லை, குறையவும் இல்லை’, ‘இவ்வுறுப்பு இயல்பாக உள்ளது’, ‘நோய்க்குறி காணப்படவில்லை’ என முழுத்தொடராக எழுதுதல் சாலும். தனிச்சொல்லாக்கம் ஆட்சித்துறைக்கு ஏற்றதாகலாம். நோயுற்றார்க்கு வேண்டுவது ஐயம் அகற்றும் தொடரே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் பிஷ் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அப்பணி மாணவர்க்காக நடந்தது. இன்று வேண்டுவது நோயாளர்க்கான பணி.

திருமுக்கூடல் கல்வெட்டு, மருத்துவச் சாலையின் கணக்கினைத் தமிழிற் பொறித்தமையால் இன்றும் நாம் அதனைப் படித்தறிகின்றோம். காரப்பேட்டையில் படம் எடுத்துக்கொள்ளும் நெசவாளி தம் உடலைப் பற்றிய உரையைத் தம் மொழியிற் படித்தறிய, கதிரியல் வல்லுநரும் தமிழ்த்துறையினரும் கூடி, வழக்கில் மிகுந்த தொடர்கட்கு ஒரு சிறு தொகுதி அமைத்தல் வேண்டும். அத்தொகுதியை முதலில் நோயாளரிடமே படித்துக்காட்டி, அவர் கொண்ட பொருளைக் கேட்டறிந்து திருத்துதல் முறையாகும். முதுகலை மாணவர் ஓர் ஆண்டில் ஆய்வுப் பணியாக ஏற்று முடித்தற்கு அடங்கிய செயலே இது.