சவலைக் குழந்தைகளுக்கான மருத்துவமனைச் சிகிச்சை

கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குழந்தைகள் வார்டுக்கு இரண்டு உருவங்களில் வந்து சேரும். ஒன்று, எலும்பும் தோலுமாக வற்றிப்போன மராஸ்மஸ். மற்றொன்று, காலும் முகமும் வீங்கித் தோல் உரியும் குவாஷியோர்கர். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, உயரத்துக்கேற்ற எடை வெகுவாகக் குறைந்தாலோ, இரு பாதங்களும் வீங்கியிருந்தாலோ அதைக் கடுமையான நிலை என்று இன்றைய மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பட்டினி கிடந்த பிள்ளைக்கு வயிறார ஊட்டினால் தேறிவிடும் என்றே எவருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் வெகுகாலம் அப்படித்தான் தோன்றியது.

வீங்கிய வகையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ். இன்றைய கானாவில், அக்ரா நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபோது, தாய்ப்பால் நின்றபின் மக்காச்சோளக் கஞ்சியிலேயே வளர்ந்த ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் இந்நோயைக் கண்டு 1933-இல் எழுதினார். 1935-இல் ‘லான்செட்’ இதழில், உள்ளூர் கா மொழியில் தாய்மார் வழங்கிய பெயராலேயே அதைக் குவாஷியோர்கர் என்று குறித்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று அவர்கள் அதை அறிந்திருந்தார்கள். ஐரோப்பிய நிபுணர்கள் சிலர் இது வைட்டமின் குறைவால் வரும் வெறும் பெலாக்ரா நோய்தான் என்று அடித்துச் சொன்னார்கள். வார்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னதே பின்னர் நிலைத்தது.

அதன்பின் புரதம்தான் எல்லாம் என்றாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய பிராக், ஓட்ரே ஆகியோரின் அறிக்கை 1952-இல் வந்தது. கொழுப்பு நீக்கிய பால்பொடி வார்டுகளின் மருந்தாயிற்று. புரதக் குறைவே உலகின் பெரும் பசி என்ற அந்தக் கருத்தை, 1974-இல் டொனால்ட் மெக்லாரன் ‘லான்செட்’ இதழிலேயே பெருந்தோல்வி என்று சாடினார்.

அந்த நம்பிக்கையை அதற்கு முன்பே அசைத்தவர் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி ஐதராபாத்துக்கு இடம் மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். மராஸ்மஸ் கண்ட பிள்ளைகளும் குவாஷியோர்கர் கண்ட பிள்ளைகளும் சாப்பிட்டதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1968-இல் அவர் காட்டினார். ஒரே மாதிரி உணவு ஒருவனை வற்றவும் இன்னொருவனை வீங்கவும் வைக்கிறது என்றால், புரதம் போதவில்லை என்று மட்டும் சொல்லிக் கைகழுவ முடியாது.

சிகிச்சையை மாற்றியது ஜமைக்காவில் நடந்த வேலை. 1950-களின் நடுவில் ஜான் வாட்டர்லோ கிங்ஸ்டன் அருகே மோனாவில் ஓர் ஆய்வுப் பிரிவை நிறுவினார். படுக்கைகளும் ஆய்வகமும் ஒரே இடத்தில் இருந்தன. உணவு கிடைக்காத உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அங்கே விரிவாகத் தெரியவந்தது. இதயம் மெல்ல அடிக்கிறது, சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறுகிறது, உயிரணுக்களுக்குள் சோடியம் ஏறிப் பொட்டாசியம் இறங்குகிறது, தொற்று இருந்தாலும் காய்ச்சல் காட்டுவதில்லை.

இப்படிப்பட்ட உடம்பில் வழக்கமான வைத்தியம் எல்லாமே தலைகீழாகும். வற்றிய குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றினால் இதயம் தாங்காது. வீக்கம் வடிய நீர் பிரியும் மருந்து கொடுத்தால் ஆபத்து. ரத்தசோகைக்கு முதல் நாளே இரும்புச்சத்து கொடுத்தால் தொற்று மோசமாகலாம். இரவுப் பாலைத் தவறவிட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கி, உடல் சில்லிட்டு, விடிவதற்குள் பிள்ளை போய்விடக்கூடும். இந்த மரணங்களில் பல பசியால் வந்தவை அல்ல, சிகிச்சையால் வந்தவை.

மைக்கேல் கோல்டன், ஆன் ஆஷ்வொர்த் முதலியோர் அந்த அறிவை இரண்டு பால்களாக வடித்தெடுத்தார்கள். முதல் கட்டத்துக்கு எஃப்-75. இதில் 100 மில்லிக்கு 75 கலோரிதான், புரதமும் 0.9 கிராம்தான். மாவு சேர்த்துச் செய்யும் வகையில் ஒரு லிட்டருக்கு 25 கிராம் பால்பொடி, 70 கிராம் சர்க்கரை, 35 கிராம் தானிய மாவு, 27 கிராம் எண்ணெய், அதோடு தாதுக் கலவை. ஆறு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய 65 மில்லி, இரவிலும் அதே கணக்கு. குடிக்கத் தெம்பில்லாவிட்டால் மூக்குவழிக் குழாய். பசி திரும்பி வீக்கம் வடியத் தொடங்கிய பிறகே எஃப்-100. அதில் பால்பொடி 80 கிராம், எண்ணெய் 60 கிராம். அந்தக் கட்டத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராமுக்கு மேல் எடை ஏறுவது நல்ல தேர்ச்சி. இரும்புச்சத்தும் அப்போதுதான். தாயின் மார்போடு அணைத்துச் சூடு கொடுப்பதும் விளையாட்டுக் காட்டுவதும்கூடச் சிகிச்சையின் பகுதிகளே. உலக சுகாதார நிறுவனம் இவற்றை 1999-இல் கையேடாக வெளியிட்டது.

தெரிந்துவிட்டதாலேயே வார்டுகள் மாறிவிடவில்லை. ஸ்கோஃபீல்டும் ஆஷ்வொர்த்தும் 1996-இல் ஐம்பது ஆண்டு ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 20 முதல் 30 சதவீதத்திலேயே நின்றிருந்தது. டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மருத்துவமனை வரையறுத்த நடைமுறையைக் கறாராகப் பின்பற்றியதும் 17 சதவீதமாக இருந்த இறப்பு 9 ஆகக் குறைந்தது. 1999-இல் வெளியான அந்த முடிவு, புது மருந்து எதுவும் இல்லாமல், ஒழுங்கினால் மட்டும் கிடைத்தது.

1996-இல் ஆந்த்ரே பிரியாந்தும் மிஷேல் லெஸ்கானும் எஃப்-100-இன் சத்தை நிலக்கடலைப் பசையில் அடைத்தனர். தண்ணீர் சேர்க்க வேண்டாததால் கிருமி எளிதில் பெருகாது, தாயே வீட்டில் ஊட்டலாம். பசியும் தெளிவும் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை என்பதை ஐ.நா. அமைப்புகள் 2007-இல் கூட்டாக ஏற்றன. அதன்பின் மருத்துவமனைக்கு வருபவை பசியற்ற, தொற்று முற்றிய, மிக வீங்கிய பிள்ளைகளே. இந்தியா 2011-இல் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. அங்கே இந்தப் பால்களை உள்ளூர்ப் பொருள்களில் காய்ச்சுகிறார்கள், உடன் தங்கும் தாய்க்குக் கூலி இழப்பீடும் உண்டு.

குவாஷியோர்கரின் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. 2013-இல் மலாவி இரட்டையரை ஆராய்ந்தவர்கள் ஒரே வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதைக் கண்டு, குடல் நுண்ணுயிர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னார்கள். கோபாலன் எழுப்பிய புதிரின் இன்னொரு முனை அது. வீடு திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதும் தாமதமாகவே பார்க்கப்பட்டது. மலாவியின் பிளான்டயர் மருத்துவமனையில் சேர்ந்த 1024 பிள்ளைகளில் 427 பேர் சிகிச்சையின்போதோ அடுத்த ஓராண்டுக்குள்ளோ இறந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. எச்.ஐ.வி. தொற்றின் பங்கும் அதில் பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியில் வீடு திரும்பிய பின்னான கவனிப்புக்குத் தனி இடம் தரப்பட்டது. நோய் திரும்பாமலிருக்கக் குடும்பத்துக்குப் பணமாகவே உதவி தரலாம் என்றும் அது பரிந்துரைக்கிறது.